லண்டனில் முதல் குளிர்காலம்: ஹீட்டிங் செலவு கையைக் கடிக்காமல் இருக்க

ஈஸ்ட்ஹாமில் எனக்குக் கிடைத்த முதல் அறையில் ஜன்னலுக்குக் கீழே, கேஸ் பாய்லரின் சுடுநீரில் சூடாகும் நல்ல ரேடியேட்டர் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் பில் எகிறிவிடும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதை அடைத்துவிட்டு, 20 பவுண்டுக்கு ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்ததும் போடுவேன், தூங்கப் போகும்போது அணைப்பேன். மற்ற அறைகளிலும் இதே கதைதான். பிப்ரவரியில் பில் வந்தபோது ஆறு பேரும் சமையலறையில் நின்று அந்தத் தாளைக் கைமாற்றி கைமாற்றிப் பார்த்தோம். கேஸ் பில் சொற்பம். கேஸில் மிச்சம்பிடித்ததைப் போலப் பல மடங்கு கரண்ட் பில்லில் போயிருந்தது.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. கேஸ் என்ன விலை, கரண்ட் என்ன விலை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு காசு மிச்சம்பிடிக்கத் தேவையில்லை. எந்தக் குழாயில் எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்தால், வீட்டையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு பில்லையும் அடக்கலாம். இங்கே சொல்வது இங்கிலாந்து வீடுகளை மனதில் வைத்து. விலைக் கணக்கு ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

முதலில் விலை

ஊரில் ஒரு யூனிட் என்று சொல்வோமே, அதேதான் இங்கேயும். ஒரு கிலோவாட் மணி ஒரு யூனிட். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கேஸையும் அதே யூனிட்டில்தான் அளந்து விற்கிறார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய காலாண்டில் மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 26 பென்ஸ் சொச்சம், கேஸ் 6 பென்ஸ் சொச்சம். ஊருக்கு ஊர் சில பைசா மாறும். ஆனால் கரண்ட் விலை கேஸைப் போல நான்கு மடங்கு என்ற கணக்கை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

என் ஃபேன் ஹீட்டரை அந்த விலையில் பார்ப்போம். அது 2 கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட், 52 பென்ஸ். தினமும் 6 மணி நேரம் என்றால் 3 பவுண்டு 12 பென்ஸ். மாதத்துக்கு 93 பவுண்டுக்கு மேல். இது ஒரே ஒரு அறைக்கு. எங்கள் வீட்டில் அப்படி ஆறு அறைகள்.

இதோடு ஸ்டாண்டிங் சார்ஜ் என்று ஒன்று உண்டு. நீங்கள் ஒரு யூனிட்கூடச் செலவழிக்காவிட்டாலும் தினமும் ஏறும். கேஸுக்கும் கரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 80, 90 பென்ஸ் வரை வரும். இதைக் குறைக்க உங்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. அதை வாடகை மாதிரி நினைத்துவிட்டு யூனிட்டில் கவனம் வையுங்கள்.

பிரைஸ் கேப் என்று செய்தியில் அடிக்கடி கேட்பீர்கள். ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரியிலிருந்து இதை நிர்ணயிக்கிறது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. "கேப் 1,755 பவுண்டு" என்று தலைப்பு போட்டால், அதற்குமேல் உங்களுக்குப் பில் வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரும். யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான் அந்த உச்சவரம்பு. வருடத்துக்கு 11,500 யூனிட் கேஸும் 2,700 யூனிட் கரண்டும் செலவழிக்கிற ஒரு நடுத்தர வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று போட்ட கணக்குதான் அந்தத் தொகை. அந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இங்கே வீட்டுச் செலவில் பெரும் பங்கு வெப்பத்துக்குத்தான் போகிறது. லைட்டை அணைத்து அணைத்து மிச்சம்பிடிப்பதைவிட பாய்லரைப் புரிந்துகொள்வது எத்தனையோ மடங்கு பலன் தரும்.

வீடு பார்க்கப் போகும்போதே

வாடகை 50 பவுண்டு குறைவு என்று ஓடிப்போய் ஒரு வீட்டை எடுத்து, குளிர்காலத்தில் மாதம் 100 பவுண்டு கூடுதலாக ஹீட்டிங்குக்குக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால் வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியாக, ஹீட்டிங் கேஸா கரண்டா என்று கேளுங்கள். அடுத்தது, ஈபிசி என்ன எழுத்து? வீட்டின் எரிசக்திச் சிக்கனத்துக்கு ஏ முதல் ஜி வரை போடுகிற தரம் இது. அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டு இலவசமாக நீங்களே பார்க்கலாம். சில விலக்குகள் போக, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் வரிசை வீடுகளில் பல, நூறு வருடத்தைத் தாண்டியவை. இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர். குளிர் நேராக உள்ளே வரும். சி தரமும் ஈ தரமும் ஒரே வாடகையில் கிடைத்தால் யோசிக்காமல் சி தரத்தை எடுங்கள்.

போன இடத்தில் கண்ணால் பார்க்க வேண்டியவை: அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலைகளில், ஜன்னல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? ஒரே ஒரு சுவர் மட்டும் புது பெயிண்ட் வாடை அடிக்கிறதா? ஜன்னல் கண்ணாடி முன்னால் போனில் டார்ச்சைப் போட்டுப் பிடியுங்கள். ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா என்பது, தெரிகிற பிம்பங்களை எண்ணினால் புரிந்துவிடும்.

சாவி கையில் வந்த அன்று

பெட்டியைப் பிரிக்கும் முன்னால் மீட்டரைத் தேடுங்கள். மாடிப்படிக்குக் கீழே, வாசல் பக்கத்து வெள்ளைப் பெட்டிக்குள், ஃப்ளாட்டாக இருந்தால் பொது நடைபாதையில் உள்ள அலமாரியில் இருக்கும். கேஸ் மீட்டர், கரண்ட் மீட்டர் இரண்டையும் வரிசை எண்ணும் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுங்கள். முன்பு இருந்தவர்கள் செலவழித்தது உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்தப் போட்டோதான் சாட்சி. ஏற்கனவே அந்த வீட்டுக்குச் சப்ளை செய்கிற கம்பெனிக்கு அன்றே ரீடிங்கை அனுப்பிவிடுங்கள். பில் உங்கள் பெயரில் இருந்தால், வாடகைதாரராக இருந்தாலும் கம்பெனியை மாற்றும் உரிமை பொதுவாக உங்களுக்கு உண்டு.

கேஸ் மீட்டர் ரீடிங் யூனிட்டில் வராது. கன மீட்டரில் வரும். கறுப்பு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு எண்களை விட்டுவிடுங்கள். இந்த ஞாயிறு 04312, அடுத்த ஞாயிறு 04340 என்றால் 28 கன மீட்டர். அதை 11ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 308 யூனிட். யூனிட்டுக்கு 6 பென்ஸ் என்று வைத்தால் அந்த வாரத்துக்குப் பதினெட்டரை பவுண்டு. (மிகப் பழைய மீட்டர் கன அடியில் காட்டும். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) முதல் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை இதைக் குறித்துவையுங்கள். பாய்லரில் எதையாவது மாற்றினால் அது பலன் தந்ததா என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பில்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் கூடவே சின்னத் திரை ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை டிராயரில் போட்டுவிடாதீர்கள். சமையலறையில் வைத்து, ஒவ்வொரு சாதனமாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். எது எவ்வளவு இழுக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பணம் கட்டும் முறையையும் இந்தச் சமயத்திலேயே முடிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் டைரக்ட் டெபிட், பில் வந்தபின் கட்டுவதைவிட மலிவு. ஆனால் ஒரு விஷயம். டைரக்ட் டெபிட் வருடத்துக்கும் ஒரே தொகை. கோடையில் மிஞ்சுவதை வைத்துக் குளிர்காலத்தைச் சமாளிக்கிற ஏற்பாடு அது. செப்டம்பரிலோ அக்டோபரிலோ வந்து இறங்குகிற உங்களுக்குக் கோடை மிச்சம் எதுவும் இருக்காது. ஜனவரியில் கணக்கு மைனஸில் தெரிந்தால் பதற வேண்டாம். அதற்காகச் சும்மாவும் இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை ரீடிங் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவர்களே ஒரு குத்துமதிப்பு போட்டு பில் அனுப்புவார்கள். உங்கள் தவறு இல்லாமல் அவர்கள் பில் அனுப்ப மறந்து, 12 மாதத்துக்கு முந்தைய செலவை இப்போது கேட்டால், அதைக் கட்டத் தேவையில்லை. விதி உங்கள் பக்கம்.

முன்கூட்டியே காசு போட்டு ஓட்டும் ப்ரீபேமென்ட் மீட்டர் உள்ள வீட்டில், முன்பு இருந்தவரின் கடன் மீட்டருக்குள்ளேயே இருக்கலாம். நீங்கள் 10 பவுண்டு போட்டு 7 பவுண்டுதான் ஏறினால் உடனே கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். அந்தக் கடன் உங்களுடையது அல்ல.

பாய்லரோடு பழகுங்கள்

லண்டனில் மிகப் பல வீடுகளில் இருப்பது காம்பி பாய்லர். சமையலறைச் சுவரில், சூட்கேஸ் அளவில் வெள்ளைப் பெட்டி. குழாயில் வெந்நீரும் அதுதான் தரும், ரேடியேட்டருக்குச் சுடுநீரும் அதுதான் அனுப்பும். முன்பக்கத்தில் இரண்டு திருகோ பட்டனோ இருக்கும். ஒன்றில் குழாய் படம், இன்னொன்றில் ரேடியேட்டர் படம். அந்த ரேடியேட்டர் படம் போட்டதைத்தான் பெரும்பாலோர் வாழ்நாளில் தொட்டதே இல்லை. அது 75, 80 டிகிரியில் கிடக்கும். அதை 60க்குக் குறையுங்கள். வீடு கொஞ்சம் புதியது, ரேடியேட்டர் பெரியது என்றால் 55கூடப் போதும்.

காரணம் இருக்கிறது. இந்த பாய்லர்கள் புகையில் உள்ள ஆவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் திரும்ப எடுக்கும்படி செய்யப்பட்டவை. ரேடியேட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வேலை நன்றாக நடக்கும். 80இல் ஓடவிட்டால் நீங்கள் காசு கொடுத்த வெப்பம் வெளிக்குழாய் வழியே தெருவுக்குப் போகும். 60இல் ரேடியேட்டர் தொட்டால் முன்போலச் சுடாது, வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் அதே வெதுவெதுப்பு குறைந்த கேஸில் கிடைக்கும். வீட்டில் வெந்நீர்த் தொட்டி தனியாக இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். தொட்டித் தண்ணீர் 60க்குக் குறைந்தால் அதில் கிருமி வளர வாய்ப்பு உண்டு.

அடுத்தது தெர்மோஸ்டாட். ஹாலிலோ நடையிலோ சுவரில் இருக்கும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை குறைந்தது 18 டிகிரி வைக்கச் சொல்கிறது. நம் ஊர் உடம்புக்கு முதல் வருடம் 19, 20 தேவைப்படலாம், தப்பே இல்லை. 23, 24 வைத்துவிட்டு டி-சர்ட்டோடு உட்கார்ந்திருந்தால் பில்லில் தெரியும். வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்ததும் 28க்குத் திருப்பினால் சீக்கிரம் சூடாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. தெர்மோஸ்டாட் காரின் ஆக்ஸிலரேட்டர் மாதிரி வேலை செய்யாது. எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்லும்.

நாள் முழுக்கக் குறைவாக ஓடவிட்டால் மலிவு என்பது இன்னொரு நம்பிக்கை. ஓட்டைக் குடத்தை நாள் முழுக்க நிரப்பி வைத்திருப்பதற்கும், தேவைப்படும்போது மட்டும் நிரப்புவதற்கும் எதில் அதிகத் தண்ணீர் போகும்? வீடும் அப்படித்தான். உள்ளே எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் வெளியே ஒழுகிக்கொண்டே இருக்கும். டைமரில் காலை எழுவதற்கு அரை மணி முன்பு தொடங்கி வேலைக்குக் கிளம்பும்வரை, அப்புறம் மாலை வீடு திரும்பும் முன்பு தொடங்கித் தூங்கப் போவதற்கு அரை மணி முன்புவரை வையுங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ நாள் முழுக்க வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்காக ஓடட்டும்.

ஒவ்வொரு ரேடியேட்டரின் ஓரத்திலும் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். ஆட்கள் இல்லாத அறையில் 1, படுக்கையறையில் 2 அல்லது 3, உட்காருகிற அறையில் 3. அறைக் கதவை மூடிவையுங்கள். எங்கள் ஆறு பேர் வீட்டில் இதைத்தான் செய்திருக்க வேண்டும். ஃபேன் ஹீட்டருக்கு வேலையே இருந்திருக்காது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்து ரேடியேட்டரை மட்டும் முழுவதும் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இன்னும் குளிர் என்று நினைத்து பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே ஜில்லென்றும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ரேடியேட்டர் சாவி ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர் ஆறியபின், மேல் மூலையில் உள்ள சதுரத் திருகில் சாவியைப் போட்டு, கீழே ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும். சத்தம் நின்று தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரின் அழுத்த முள்ளைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 1க்கும் 1.5க்கும் நடுவே நிற்க வேண்டும். இதெல்லாம் நீங்களே செய்யலாம். பாய்லரின் மூடியைக் கழற்றுவது மட்டும் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

பாய்லர் கெட்டுப்போனால் சரிசெய்ய வேண்டியது வீட்டுக்காரர். 1985ஆம் வருடத்துச் சட்டமே அவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து உங்களுக்குச் சான்றிதழ் நகலும் தர வேண்டும். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் மெசேஜிலோ மின்னஞ்சலிலோ எழுதி வையுங்கள். நான் ஒருமுறை டிசம்பரில் ஒன்பது நாள் வெந்நீர் இல்லாமல் இருந்தேன். ஒவ்வொரு நாளும் போனில் "நாளைக்கு ஆள் வருவார்" என்ற பதில் வந்தது. எழுத்தில் ஒரு வரி இல்லாததால், உள்ளாட்சி மன்றமான கவுன்சிலில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

கேஸ் இல்லாத ஃப்ளாட்

சுவரோரம் கனமான, அகலப் பெட்டி மாதிரி இருந்தால் அது ஸ்டோரேஜ் ஹீட்டர். உள்ளே செங்கல் இருக்கும். இரவில் மலிவான கரண்டில் செங்கல்லைச் சூடாக்கி, பகலில் மெல்ல வெப்பத்தை விடும். இதற்கு எகானமி 7 போன்ற, இரவில் 7 மணி நேரம் விலை குறைகிற திட்டம் அவசியம். அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறீர்களா என்று கம்பெனியிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டு திருகு இருக்கும். இன்புட் என்பது இரவில் எவ்வளவு சேர்ப்பது, அவுட்புட் என்பது எவ்வளவு வேகமாக விடுவது. தூங்கப் போகும்போது அவுட்புட்டை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலைக்குள் வெப்பம் தீர்ந்து மாலையில் வெறும் பெட்டிதான் நிற்கும்.

தனியாகப் பிளக்கில் போடும் ஹீட்டர்களைப் பற்றி ஒரு உண்மை. 20 பவுண்டு ஹீட்டரும் 200 பவுண்டு ஹீட்டரும் ஒரு யூனிட் கரண்டில் தருகிற வெப்பம் ஒன்றுதான். "சில பென்ஸில் வீடு முழுக்கச் சூடு" என்று வருகிற விளம்பரங்களை நம்பிக் காசை இழக்காதீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும், ஒரு சின்ன அறையில், ஒரு மணி நேரம் உட்காருகிறார் என்றால் வீடு முழுக்க கேஸ் ஹீட்டிங் போடுவதைவிட பிளக் ஹீட்டர் மலிவாக இருக்கலாம். அந்த எல்லையைத் தாண்டினால் கேஸ்தான்.

சூடு ஒழுகும் வழிகள்

ஒரு காற்றடிக்கும் மாலையில் கையை லேசாக நனைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வாசல் கதவின் கீழ் இடுக்கு, தபால் போடும் ஓட்டை, சாவித் துவாரம், ஜன்னல் சட்டம், தரைப்பலகை ஓரம். ஜில்லென்று படும் இடத்திலெல்லாம் உங்கள் காசு வெளியே போகிறது. தபால் ஓட்டைக்கு பிரஷ் வைத்த மூடி வாங்கலாம். கதவடிக்குப் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாலே போதும். ஜன்னலுக்கு ஒட்டும் நுரைப்பட்டை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் கிடைக்கும். சட்டத்தில் ஒட்டி, முடி உலர்த்தும் டிரையரால் சூடுகாட்டினால் விறைத்துக் கண்ணாடி மாதிரி நிற்கும். வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் செய்யக்கூடிய நல்ல வேலை இது. சுவரில் உள்ள காற்றுச் செங்கலையும், ஜன்னல் மேல் உள்ள காற்றுத் துளைகளையும் மட்டும் அடைக்கக் கூடாது.

டிசம்பரில் இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டியதும் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். அது ரேடியேட்டரை மூடாமல் அதற்கு மேலேயே நிற்க வேண்டும். சோபாவை ரேடியேட்டரை ஒட்டிப் போட்டால் சோபாதான் சூடாகும்.

ஈரம்

நம் சமையல் இந்த வீடுகளுக்குப் பழக்கமில்லாதது. இட்லிப் பானை, கொதிக்கிற சாம்பார், விசில் அடிக்கிற குக்கர் என்று ஆவியாகவே இருக்கும். அது போதாதென்று ரேடியேட்டர் மேல் ஈரத்துணி. ஹீட்டிங்கையும் போடாமல் ஜன்னலையும் திறக்காமல் இருந்தால் அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். இரண்டே வாரத்தில் கறுப்புப் பூஞ்சை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் ராச்டேல் நகரில் பூஞ்சை பிடித்த வீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது. அந்தப் பிள்ளை அவாப்பின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, கவுன்சில் மற்றும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பூஞ்சைப் புகாரை அவர்கள் குறிப்பிட்ட கெடுவுக்குள் கவனித்தே ஆக வேண்டும்.

சமைக்கும்போது மூடி போடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், சமையலறைக் கதவை மூடுங்கள். குளித்தபின்னும் அப்படியே. காலையில் ஜன்னல் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரைத் துடைத்து, துணியைச் சிங்க்கில் பிழியுங்கள். எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடினால் ஈரக்காற்று போய்விடும், சுவரின் சூடு அதற்குள் போகாது. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதுதான் நட்டம். துணிக்கு, சூடாகும் உலர்த்துக் கொடி ஒன்று வாங்கினால் 300 வாட்தான் இழுக்கும், மணிக்கு 8 பென்ஸ். அதை ஒரு அறையில் வைத்துக் கதவை மூடி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

வீட்டைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு

மின்போர்வை சுமார் 100 வாட். மணிக்கு இரண்டரைப் பென்ஸ். படுக்கப் போகும் அரை மணி முன்பு போட்டால் படுக்கை வெதுவெதுவென்று இருக்கும். படுக்கையறை ரேடியேட்டரைத் தாராளமாகக் குறைக்கலாம். வெந்நீர்ப் பை இன்னும் மலிவு, ஆனால் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். பையின் கழுத்துப் பக்கம் பூ மாதிரி ஒரு அச்சு இருக்கும். நடுவில் உள்ள எண் அது தயாரான வருடம். இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ரப்பர் வெடித்துத் தொடை வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள். உடம்புக்கு ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு நல்லது. காலுக்குக் கம்பளி சாக்ஸ். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் நம் பழக்கத்துக்கு இங்கே வருடத்தில் ஆறு மாதம் விடுமுறை கொடுக்க வேண்டும்.

மீறவே கூடாத எல்லை ஒன்று. சூட்டுக்காக அடுப்பையோ ஓவனையோ எரியவிடுவதும், கரியைக் கொளுத்தி வீட்டுக்குள் வைப்பதும் உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பாய்லர் உள்ள அறையில் அதற்கான அலாரம் வைப்பது 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்காரரின் கடமை. இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கேஸ் வாடை அடித்தாலோ அலாரம் கத்தினாலோ ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999க்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

கட்ட முடியாமல் போனால்

கடன் சேரும்வரை மௌனமாக இருப்பதுதான் நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு. கம்பெனிக்கு முதலில் போன் செய்யுங்கள். உங்களால் முடிகிற தவணையைப் பேசி முடிவு செய்ய அவர்கள் கடமைப்பட்டவர்கள். ப்ரீபேமென்ட் மீட்டரில் காசு தீர்ந்தால் அவசரக் கடனாக ஒரு சிறு தொகை கிடைக்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும். சில இடங்களில் ஃபுட் பேங்க் மூலமும் எரிபொருள் வவுச்சர் கிடைக்கிறது. கம்பெனியிடம் கொடுத்த புகார் தீராவிட்டால் எனர்ஜி ஆம்பட்ஸ்மன் என்ற நடுநிலை அமைப்பிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்று கரண்ட் பில்லில் 150 பவுண்டு கழிக்கும் திட்டம் உண்டு. யூனிவர்சல் கிரெடிட் போன்ற அரசு உதவி வாங்குபவர்களுக்குத்தான் அது. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ வந்தவர்கள் தங்கள் விசாவில் "பொது நிதி கூடாது" என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்த பிறகே எந்த அரசு உதவிக்கும் கை நீட்ட வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால் விசாவுக்கே ஆபத்து.

கூடுதல் உதவி தேவைப்படும் வீடுகளைக் கம்பெனி குறித்துவைக்கும் பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டருக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கிறதா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, வீட்டில் வயதானவரோ நாள்பட்ட நோயாளியோ இருக்கிறாரா, ஆங்கிலம் சரியாகப் பேச வராதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்பெனியிடம் பதிவு செய்துகொள்ளலாம். திட்டமிட்டுக் கரண்ட்டை நிறுத்துவதானால் முன்கூட்டியே சொல்வார்கள், மீட்டர் பார்ப்பதில் உதவுவார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கியிருக்கும் வீடுகள் இதை மறக்கக் கூடாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது

கிளம்புகிற அவசரத்தில் ஹீட்டிங்கை மொத்தமாக அணைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால், நீங்கள் மிச்சம்பிடித்ததைப் போல நூறு மடங்கு செலவு. தெர்மோஸ்டாட்டை 8, 10 டிகிரியில் விட்டுவிட்டுப் போங்கள். தண்ணீரை எங்கே அடைப்பது என்று முன்பே பார்த்துவையுங்கள், அநேகமாக சிங்க்குக்குக் கீழே இருக்கும். திரும்பி வந்ததும் பாய்லர் ஓடாமல் கொடகொடவென்று சத்தம் போட்டால், வெளிச்சுவரில் வருகிற வெள்ளை பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரை அதன்மேல் மெல்ல ஊற்றி, பாய்லரின் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும்.